30-ம் நம்பர் நூலா, 30 டெக்ஸா?

திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் '30-ம் நம்பர்' என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கஜ சிட்டம் 30 இருக்கு என்று அர்த்தம். நம்பர் கூடினால் நூல் மெலியும். டெக்ஸ் அப்படியே தலைகீழ். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது கணக்கு, எண் கூடினால் நூல் தடிக்கும். 30-ம் நம்பர் நூல் 19.7 டெக்ஸ். 30 டெக்ஸோ கிட்டத்தட்ட 20-ம் நம்பர்!

எங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஒரு மில் கொடுத்த ஷீட் இரண்டில் ஒன்று நம்பர், இன்னொன்று டெக்ஸ். தலைப்பு இரண்டிலும் 'கவுண்ட்' மட்டும்தான். மாத்திப் போட்டால் உற்பத்தி எடையில் மூணில் ஒரு பங்கு காணாமல் போகும். 300 என்று இருந்தால் கண்ணு உறுத்தும். 30 இரண்டிலும் நம்பும்படியான எண். எக்செல் பாவம், அதுக்கு என்ன தெரியும் :-)

யார் ஷீட் சரி? லேப் ஆளைக் கேட்டால் புரொடக்‌ஷன் என்கிறார், அங்கே போனால் லேப் என்கிறார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஏர்பஸ் ஏ380-க்கு ஹாம்பர்க்கில் கேட்டியா 4, டூலூஸில் கேட்டியா 5. பொருத்தும்போது வயர் நீளம் பத்தலை. 2006-ல் தள்ளிவைப்புக்கு மேல் தள்ளிவைப்பு, முதல் விமானம் கைமாறியது 2007 அக்டோபரில்.

எங்க டீமில் இப்போ ஒரு காலத்துக்கு ஒரு ஆள். மத்த மூணு பேரும் பார்க்கலாம், தொடக்கூடாது. கவுண்ட் என் பொறுப்பு. "என்னை நம்பலையா?" என்று ஒருத்தன் இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்கான்.