ஆமை வராத இரவுக்கும் ஆள் வேண்டும்

சென்னை

அன்புள்ள பொன்னி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். குளத்தைச் சுத்தம் செய்யப் போஸ்டர் ஒட்டினோம் அத்தை, முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள், மூன்றாம் ஞாயிறு ஆறே பேர், அதிலும் இரண்டு பேர் சித்தி பிள்ளைகள் என்று சொல்லி, அழாத குறையாக நிறுத்தியிருக்கிறாய். பதிலைப் பேசி அனுப்பலாம் என்றால் நடுவில் குக்கர் விசில் அடிக்கும், உன் மாமா கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்பார். அதனால் எழுதுகிறேன்.

நாற்பதிலிருந்து ஆறைக் கழித்து முப்பத்துநாலு பேரை இழந்துவிட்டதாக நினைக்கிறாய். வந்தது இரண்டு வேறு கூட்டம், பொன்னி. முதல் வாரம் வந்தவர்கள் உங்கள் ஊர் நயினார்குளத்தைப் பார்க்க வந்தார்கள். மூன்றாம் வாரம் வந்தவர்களுக்கு அங்கே என்ன கிடக்கிறது என்று தெரியும், ஆகாயத்தாமரையும் நாற்றமும் தெரியும், தெரிந்தும் வந்தார்கள். சித்தி பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் என்பதற்காகக் கணக்கிலிருந்து தள்ளாதே. காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளை எழுப்புவதே பெரிய காரியம்.

இதை நான் கற்றுக்கொண்டது இங்கே கடற்கரையில் ஆமைக்காக நடக்கிறவர்களிடம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அவர்களோடு நடந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர்கள் ஆள் சேர்க்கும் விதத்தைப் பற்றி நாம் பேசியதில்லை.

கதை பழையது. 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் கிண்டி பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் சென்னைக் கரையில் ராத்திரி நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். சதீஷ் பாஸ்கர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். பிறகு இந்தியக் கரையெல்லாம் ஆமைக்காக நடந்தார். 1982இல் லட்சத்தீவின் சுஹேலியில் ஆளில்லாத தீவொன்றில் மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்து, மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, அங்கிருந்து தபாலில் வீடு வந்து சேர்ந்தது. (தபால்துறையை இனிமேல் குறை சொல்லாதே.) சென்னைக் கரையில் இந்த வேலையை அப்புறம் கொஞ்ச காலம் வனத்துறை பார்த்தது. 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, எஸ்.எஸ்.டி.சி.என். என்று சொல்வோமே, அது அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் நடக்கிறது.

மாணவர்கள் நடத்தும் அமைப்பு என்றால் யோசித்துப் பார். மூன்று வருஷத்தில் படிப்பு முடியும், வேலைக்குப் போவான், கல்யாணமாகிப் போவாள். பங்குனி ஆமை முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில்தான் நெருக்கடி. அப்போதுதான் பரீட்சையும் வரும். ஆள் போய்க்கொண்டே இருப்பார்கள் என்பது அந்த அமைப்புக்கு முதல் நாளே தெரியும். அதனால் யாரும் போகக்கூடாது என்று கட்டிப்போடும் வேலையில் அவர்கள் இறங்கவே இல்லை. புதிதாக வருகிறவனுக்குச் சீக்கிரம் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் கவனம் வைத்தார்கள். போனவர்களும் முழுசாகப் போய்விடவில்லை. ஆரம்ப கால மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர்; ஆமைகளை விடவே இல்லை. எல்லோரும் அப்படி ஆக வேண்டியதில்லை. வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு ஜனவரி வந்தால் ராத்திரியில் கால் அரிக்கிற உன் அத்தை மாதிரியும் ஆகலாம்.

சரி, ஆள் எப்படி வருகிறார்கள்? பருவம் முழுக்க அவர்கள் தினமும் நடப்பார்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் மட்டும் பொதுமக்களும் கூட வரலாம். நீலாங்கரையில் நடுச்சாமத்துக்குச் சற்று முன்னால் கூடி, பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். கிளம்பும் முன் ஒருவர் பேசுவார். ஆமையைப் பற்றி, வலையைப் பற்றி, கரையோர விளக்குகள் குஞ்சுகளைத் திசை தப்ப வைப்பதைப் பற்றி. டார்ச் அடிக்கக்கூடாது, சத்தம் கூடாது. கூடவே, இன்றைக்கு ஆமை வரும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்தவர்களை இப்படியா வரவேற்பது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால், ஆள் சேர்ப்பதில் அவர்கள் செய்யும் மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் அதுதான். ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தவனிடம் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. உன் போஸ்டரில் என்ன இருந்தது? சூரியோதயம், பறக்கிற நாரை, ‘வாருங்கள் மாற்றத்தை உருவாக்குவோம்’. குளத்து நாற்றத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததா?

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வர வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதும் இல்லை. ஒரு ராத்திரி நடந்தவன் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொன்னாலே லாபம். ஆனால் ஒன்றிரண்டு பேர், எல்லோரும் செல்ஃபி எடுத்துக் கலைந்த பிறகும் நின்று, ‘செவ்வாய்க்கிழமை ஆள் இருக்கிறார்களா?’ என்று கேட்பார்கள். அவர்களை விடமாட்டார்கள்.

அப்படி நின்றவளுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதல் சில நாள் பின்னால் நடக்க விட்டார்கள். ஈர மணலில் ஆமை ஏறிய தடம் எது, நண்டு கீறியது எது என்று கண் பழகியது. பிறகு நோட்டும் அளவு நாடாவும் கையில் வந்தன. ஒரு மார்ச் இரவில்தான் ஒரு சீனியர் தன் கையிலிருந்த கம்பை என்னிடம் நீட்டினார். தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். எங்கே முட்டை என்று மேலே இருந்து தெரியாது. கம்பை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டி மணல், கெட்டி மணல், ஒரு இடத்தில் மட்டும் கம்பு இளகி இறங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும், ஒரு விரல்கடை கூடுதலாக அழுத்தினால் முட்டை போச்சு. அப்புறம் கையால் தோண்டுவது. தோள் மணலில் படும் வரை கையை விட்டால் விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று தட்டுப்படும். பிங்பாங் பந்து போல, ஆனால் அமுக்கினால் குழியும். நூறுக்கு மேல் இருக்கும். உருட்டாமல், குலுக்காமல் ஒவ்வொன்றாகப் பையில் வைத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்தில் அதே அளவில் இன்னொரு குழி தோண்டி விடியுமுன் புதைக்க வேண்டும்.

அந்தக் கம்பைக் கொடுத்த நிமிஷத்தில் நான் அந்த அமைப்பைச் சேர்ந்தவளாகிவிட்டேன். அடையாள அட்டை, டீ-ஷர்ட் எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது. உடைந்தால் உடையட்டும் என்று அவர் கொடுக்கவில்லை. பக்கத்தில் குனிந்து என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் குளத்தில் அந்தக் கம்பு எது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். நாமக்கோழிகளை எண்ணும் நோட்டாக இருக்கலாம், மாநகராட்சிக்கு மனு எழுதும் பொறுப்பாக இருக்கலாம். மூன்று வாரமாக எல்லோருக்கும் கையுறையையும் சாக்கையும் மட்டும் கொடுத்திருக்கிறாய். சாக்கு பிடிக்க யாரும் போதும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

பொரிப்பக முறைப் பணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் கஷ்டம். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆன குழிகளின் மேல் கூடை கவிழ்த்து வைத்து, ராத்திரி அரை மணிக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றும் இருக்காது. திரும்ப உட்கார வேண்டும். கொசு. இதற்கு எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் போடுவோம், ஒரு பழையவர், ஒரு புதியவர். பாதுகாப்பு ஒரு காரணம். பேச்சுத்துணை இன்னொன்று. என் வாழ்க்கையின் நல்ல சிநேகிதங்கள் பாதி அங்கே கிடைத்தவை.

வீட்டு விஷயமும் உண்டு. உன் தாத்தா என்னை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்கு அனுப்பியிருப்பார் என்றா நினைக்கிறாய்? சீனியர் அக்கா ஒருத்தி விடுதிக்கு வந்து, தாத்தா ஊரிலிருந்து வந்திருந்த நாளாகப் பார்த்து, யார் கூட நடப்பார்கள், எத்தனை பெண்கள், எத்தனை மணிக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தா கேட்டது ஒன்றே ஒன்று: ‘காலையில் சாப்பாடு?’ அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. உன் குழுவில் பெண் பிள்ளைகள் நின்றுபோனதற்கு ஆர்வக்குறைவு காரணம் என்று முடிவு கட்டுமுன், குளக்கரையில் கழிப்பறை இருக்கிறதா, யார் வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று பார்.

இன்னொன்று இருக்கிறது, அதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக்கூடாது என்று விதி இருக்கிறது. வலையிலிருந்து ஆமை தப்பிக்க வழி விடும் கருவியும் இருக்கிறது. இருந்தும் இது. முட்டை தேட என்று ஆசையாக வந்த பத்தொன்பது வயசுப் பிள்ளை, வீங்கிக் கிடக்கும் உடம்புகளுக்குப் பக்கத்தில் குனிந்து ஓட்டின் நீளத்தை அளக்கிறது. தன்னார்வலரைத் தாங்கிப் பிடிப்பது என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்த இடத்தில்தான் பரீட்சைக்கு வருகிறது. தனியாக அனுப்பக்கூடாது. அளந்த எண்ணை யாரிடம் கொடுக்கிறோம், எதற்கு என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது வெறும் பிணக்கணக்கு. முடிந்ததும் எங்கேயாவது உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அடுத்த வாரம் வர முடியவில்லை என்று சொன்னால், சரி என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

காசு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பஸ் காசும் சாப்பாடும் போதும். ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதே. சுப்ரஜா தாரிணி 2002இல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் குப்பங்களிலேயே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஆமைப் பாதுகாவலர்களாக வைத்திருக்கிறது. பருவ காலத்தில் அவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. தொண்டுக்குக் கூலியா என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனால் கொட்டாவியோடு போகும். விடியலில் படகேற வேண்டியவனுக்கு ஒரு நாள் பாடு போகும். அவனிடம் சும்மா வா என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேலும் கரை அவனுடையது. அவன் சொன்னால் குப்பம் கேட்கும், நான் சொன்னால் கேட்காது. உன் குளத்தில் மீன் பிடிக்கிறவர்களிடம் இதுவரை பேசினாயா? ஆகாயத்தாமரை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று போஸ்டர் ஒட்டிய பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

என்.எஸ்.எஸ். பிள்ளைகள் மணிக்கணக்குக்காகத்தான் வருகிறார்கள் என்று குறைப்பட்டாயே. வருஷத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும், பாவம், வேறு எங்கே போவார்கள்? கையெழுத்துப் போட்டுக் கொடு. முகம் கோணாமல் போடு. மணிக்கணக்குக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

போஸ்டரை இப்போதைக்கு விடு. ஆறு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலையில் கை ஓடும் என்று கேள். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மையத்துக்காரர்கள் 2011இலிருந்து நடத்துகிறார்கள். அதில் ஆறு பேரையும் சேர்த்துவிடு. இன்னொருத்தர் நடத்தும் இடத்தில் போய் நின்றால், நம்மிடம் வருகிறவர்களுக்கு நாம் என்ன செய்யவில்லை என்று தெரியும். அது முடிந்ததும் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வா. ஆமை வருமா என்று கேட்காதே.

வரும்போது உன் அம்மாவிடம் சொல்லிக் கருப்பட்டி கொண்டுவா. உடன்குடியாக இருக்கட்டும், போன தடவை கொடுத்துவிட்டதில் பாதி சீனி. அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று அடுத்த மெசேஜிலாவது சொல். குளத்தைப் பற்றியே பேசி நிறுத்திவிட்டாய்.

அன்புடன்,
அத்தை