பேரன் பேரில் பாதி வீடு

மைனர் பங்கை விற்க அனுமதி கேட்டுப் போடும் ஜி.டபிள்யூ.ஓ.பி. மனுவுக்காக எங்கள் பக்கம் எந்த வக்கீலும் ராத்திரி கண் விழிப்பதில்லை. பழைய கட்டு ஒன்றை உருவி, பெயரையும் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மாற்றி, ‘மைனரின் கல்வியையும் நல்வாழ்வையும் முன்னிட்டு’ என்கிற பாராவை அப்படியே விட்டுவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. 2019-இல் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்த ஒரு குடும்பத்தின் மனுவும் அப்படி முடிந்துபோகவேண்டியதுதான். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளில் மாற்றம் இல்லை.

அப்பா மஸ்கட்டில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து திரும்பியவர். அம்மா நர்ஸ். ஐந்து பிள்ளைகள். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பையனுக்கு மூளை முடக்குவாதம். சான்றிதழில் 80 சதவீதம், கூடவே அறிவுத்திறன் குறைபாடு, அவ்வப்போது வலிப்பு. அவனுக்கு அடுத்து ஒரு பெண். பையனுக்கு அப்போது பதினான்கு வயது. என் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. அப்பா அவனை முதுகில் உப்புமூட்டை ஏற்றிக்கொண்டு படியேறி வந்ததைப் பார்த்த பிறகு, அவர்கள் விஷயத்தைக் கீழே அவர்கள் கார் அருகிலேயே நின்று பேச ஆரம்பித்தேன். கடலூர் வரும் வழியில் சிப்காட் நெடி அடிக்கிற இடம் வந்தால் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பானாம். எந்த இடம் வந்திருக்கிறது என்று அவனைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்றாள் மூத்த பெண்.

வீடு தெற்கு வீதியில். நடராஜர் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நம்பி லாட்ஜ் கட்ட நினைத்த ஒருவர் நல்ல விலை பேசியிருந்தார். வீடு தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இறப்பதற்கு முன் பதிவு செய்த உயில் எழுதி வைத்திருந்தார். பாதி மகனுக்கு, பாதி இந்தப் பேரனுக்கு. பேத்திகள் நால்வருக்கும் நகை. நம் மாவட்டத்தில் இந்துக்கள் எழுதுகிற உயிலுக்கு புரோபேட் கட்டாயமில்லை என்பதால் அது பீரோவிலேயே கிடந்தது. வில்லங்கம் பார்த்த வாங்குபவரின் வக்கீல்தான் பட்டென்று பிடித்தார்.

அவர் பிடித்ததில் நியாயம் இருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கை விற்க குடும்பத் தலைவருக்கு கோர்ட் அனுமதி தேவையில்லை. உயில் மூலம் வந்தது தனிச் சொத்து. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, பெற்ற அப்பாவே ஆனாலும் முன் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. விற்றால், மைனர் பெரியவனான பிறகு கிரயத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். சாதாரணப் பையன் என்றால் பதினெட்டு முடிந்து மூன்று வருடத்தோடு அந்த ஆபத்து தீரும். அறிவுத்திறன் குறைந்தவனுக்குக் காலவரம்புச் சட்டம் அந்த மூன்று வருடத்தை ஓடவே விடாமல் நிறுத்தி வைக்கும் என்று வாதாட இடமிருக்கிறது. லாட்ஜ் கட்டுகிறவர் ஆயுசு முழுக்க அந்தக் கத்தியின் கீழ் உட்கார முடியுமா?

எதற்கு விற்கிறார்கள்? குடும்பத்தோடு வெளிநாடு போக. அம்மாவின் நர்ஸ் படிப்பை வைத்து நிரந்தரக் குடியேற்றத்துக்கு முயன்றார்கள். கனடா மாதிரி நாடு, வந்து இறங்குகிற குடும்பம் கையில் இவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தலைக்குத் தலை தொகை ஏறும். அது கடன் வாங்கிக் காட்டுகிற பணமாகவும் இருக்கக் கூடாது. ஏழு பேர் என்றால் மஸ்கட் சேமிப்பு போதவில்லை.

நீதிபதி மனுவைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “குடும்பம் வெளிநாடு போகிறது என்கிறீர்கள். இந்தப் பையன் போகிறானா, இல்லையா? மனுவில் எங்கேயும் காணோமே?”

அப்பா என்னைப் பார்த்தார். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏஜென்ட் ஒருவர், பையனை இப்போதைக்குப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஆறு பேருக்குப் போடுங்கள், அங்கே போய் நிலைத்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். கனடா இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா, அதற்கும் இதே யோசனைதான்.

மைனர் சொத்தை விற்க அனுமதி தருமுன், தகவல் தெரிய வேண்டியவர் என்று கோர்ட்டுக்குத் தோன்றுகிற உறவினருக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறது 1890-ஆம் வருட காப்பாளர்கள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிற நீதிபதிகள் குறைவு. இவர் பாட்டிக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

பாட்டி வெள்ளைப் புடவையில், கையில் மஞ்சள் பையோடு வந்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டதற்கு, “விக்கறதுல ஆட்சேபணை இல்லீங்க அய்யா. அந்த ஊருக்காரங்க இந்தப் புள்ளைய வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா, இவன் எங்க வந்து படுப்பான்? அதைக் கேட்டு எழுதிக்கணும்” என்றார். என் மகனைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. கோர்ட்டே எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

வாய்தா வாங்கிக்கொண்டு குடியேற்ற விதிகளைப் படித்தேன். கடலூர் சிவில் வக்கீலுக்கு அது வேறு உலகம். ஆஸ்திரேலியாவில் விண்ணப்பத்தில் உள்ள ஒருவர் மருத்துவச் சோதனையில் தவறினால் மொத்தக் குடும்பமும் தவறியதாகக் கணக்கு. அந்த ஒருவருக்கு அரசு செய்ய வேண்டிவரும் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் தவறியதுதான். அந்த வரம்பு 2019 ஜூலையில் 49,000 டாலர், 2024 ஜூலையில் 86,000 ஆனது. நிரந்தர விசாவில், கூட வராத பிள்ளையையும் பொதுவாகச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். அதாவது ஏஜென்ட் சொன்ன வழி வழியே இல்லை. மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1992-இல் அவர்கள் போட்ட சட்டமே குடியேற்றச் சட்டத்தைத் தொடாதபடி 52-ஆம் பிரிவில் விலக்கு எழுதி வைத்திருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷாம் ஊரில் வேலை பார்த்த பெர்ன்ஹார்ட் மோல்லர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்று 2008-இல் நிரந்தர வசிப்பு அனுமதியை மறுத்தார்கள். ஊரே திரண்டது. அமைச்சர் தலையிட்டு அனுமதி கொடுத்தார். டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊருக்கு வந்த டாக்டர், அதனால் தப்பினார். நம் சிதம்பரத்து நர்ஸுக்கு எந்த ஊர் திரளும்?

கனடாவிலும் கூட வராத பிள்ளையைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும், சோதிக்கவும் வேண்டும். ஆனால் அங்கே நிலைமை வேறு. 2005-இல் ஹிலவிட்ஸ் என்ற வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், குறைபாட்டின் பெயரை மட்டும் பார்த்து மறுக்காதே, அந்தக் குடும்பத்தின் நிலைமையையும் பார் என்றது. 2018 ஜூன் முதல் செலவு வரம்பை மூன்று மடங்காக்கி, சிறப்புக் கல்வியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பையனுக்கு முக்கியச் செலவு சிறப்புப் பள்ளிதான். வலிப்பு மாத்திரை பெரிய தொகை இல்லை. ஆக, அவனைச் சேர்த்து ஏழு பேராக விண்ணப்பித்தால் கதவு திறக்கலாம். மறைத்தால் பொய்த் தகவல் என்று பிறகு எல்லோரையும் வெளியே தள்ளலாம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விடவில்லை, அழவும் இல்லை. “ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும் சார். அத்தைக்கு முட்டி வலி. அவங்ககிட்ட விட்டுட்டுப் போலாம்னு ஏஜென்ட் சொன்னப்பவே, யாரு திருப்புவாங்கன்னு யாருமே கேக்கல” என்றார். திட்டத்தை மாற்ற அப்பா சம்மதித்தார். ஏஜென்டுக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

அடுத்த வாய்தாவில் பையனும் உடன் செல்கிறான் என்று திருத்திய மனு தாக்கல் செய்தேன். இனி அனுமதி கிடைக்கும். நான் மல்லுக்கு நின்றது உத்தரவின் கடைசி வரிக்காக. ‘மைனரின் பங்குத் தொகையை மைனர் மேஜராகும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு செய்ய வேண்டும்’ என்பதுதான் வழக்கமான வாசகம். மேஜரானதும் வந்து கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்துக்கொள்வான் என்பது அதன் உள்ளர்த்தம். இந்தப் பையன் பதினெட்டிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அன்றைக்கு அப்பாவின் காப்பாளர் உரிமையும் போய்விடும். வங்கி யாருக்கும் கொடுக்காது. அல்லது அதைவிட மோசமாக, மேஜராகிவிட்டான் என்று சொல்லி யாரோ ஒருவர் கைரேகை வைக்கச் சொல்லி எடுத்துவிடுவார்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர் நிலைக் குழு உண்டு. நம் ஊரில் கலெக்டர் அதன் தலைவர். நியமிக்கப்படுகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவும் தாக்கல் செய்ய வேண்டும். உறவுக்காரர்களுக்குக் கசக்கிற விதிதான். கசக்கட்டும்.

“மேஜராகும் வரை” என்பதற்குப் பதிலாக, “மேஜரான பின், அந்தச் சட்டப்படி பாதுகாவலர் நியமனமாகும் வரை அல்லது மறு உத்தரவு வரை வைப்பு தொடர வேண்டும்” என்று எழுதக் கேட்டேன். வழக்கத்தில் இல்லாத வாசகம் என்றார் நீதிபதி. 31-ஆம் பிரிவின் நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைக் காட்டினேன். இரண்டு சட்டங்களையும் ஒரே வரியில் முடிச்சுப் போட முடியாது என்று எதிர்ப்பக்கம் இல்லாத வழக்கிலும் ஒரு வாதம் நடந்தது. கடைசியில் எழுதினார். கூடவே, பையன் பங்கில் ஒரு ரூபாய் கூட பயணச் செலவுக்கோ குடியேற்றக் கையிருப்புக்கோ போகக் கூடாது, வட்டி மட்டும் அவன் மருத்துவத்துக்கு என்றும் எழுதினார். பாட்டி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். திரும்பி வந்தால் படுக்க ஓர் இடம் வாங்கப் பணம் அவன் பெயரிலேயே இருக்கும்.

கிரயம் நடந்தது. பாட்டி புவனகிரியில் மகள் வீட்டுக்குப் போனார். கொரோனா வந்து எல்லாம் நின்றது. பிறகு மருத்துவச் சோதனையும் முடிந்து, ஏழு பேரும் 2022-இல் கனடா போய்ச் சேர்ந்தார்கள். மறுவருஷம் பையனுக்குப் பதினெட்டு. விடுமுறைக்கு வந்த நேரத்தில் குழு முன் மனுப் போட்டோம். பாதுகாவலர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது குழு பார்க்கிற தகுதி. அப்பா நாளைக்குக் கனடா குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகப் போகும். அதனால் புவனகிரியில் இருக்கும் பையனின் அத்தை பெயரைக் கொடுக்கச் சொன்னேன். பையன் வெளிநாட்டில் இருக்கிறானே, எப்படி மேற்பார்வை செய்வது என்று குழுவில் ஒருவர் கேட்டார். பணமும் பாதுகாவலரும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. பையன் வெளிநாட்டில் வசிப்பவன் ஆனதால் வைப்புத் தொகை என்.ஆர்.ஓ. கணக்காக மாற வேண்டும், அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் டி.டி.எஸ். பிடித்துவிடுகிறார்கள். அவன் வருமானத்துக்கு அவ்வளவு வரி வராது. திருப்பி வாங்க வருஷா வருஷம் அவன் பேரில் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் கணக்குத் தாக்கல் செய்ய அத்தை புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறார், ஆடிட்டர் பீஸ் அதிகம் என்று என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போகிறார்.