திருநின்றவூரில் ஒரு நன்மரணம்

சென்னையில் மூர் மார்க்கெட் வளாகத்து நிலையத்திலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார வண்டியில் ஏறி அமர்ந்தால், பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் எனத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் மாறி மாறி வந்து செல்லும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்தபின் திருநின்றவூர் வருகிறது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி ஓடியது இவ்வழியேதான். அக்காலத்து ஆங்கிலேயர் நாவில் இவ்வூரின் பெயர் "தின்னனூர்" என்று சுருங்கியது. இன்றும் முதியவர் சிலர் அப்படியே சொல்லக் கேட்கிறோம்.

திருமகள் வந்து நின்ற ஊர் ஆதலின் திருநின்றவூர் என்பர் வைணவப் பெரியோர். இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு வழங்கும் பெயர் "என்னைப் பெற்ற தாயார்" என்பதாம். இதனைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் நெகிழ்ந்தது. சற்றுத் தள்ளியுள்ள சிவன் கோயிலுக்கு இருதயாலீசுவரர் கோயில் என்று பெயர். பூசலார் என்னும் அடியாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். கல்லும் பொன்னும் கொண்டு கோயில் எழுப்ப வழியில்லாத அவ்வேழை, தம் நெஞ்சுக்குள்ளேயே அடித்தளம் இட்டு, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைத் தன் காஞ்சிக் கற்கோயிலுக்குக் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, "நாளை நாம் நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் புகுகிறோம், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்றாராம். மன்னன் தேடி வந்தபோது ஊரில் கோயில் எதுவும் இல்லை. ஒரு மனிதரின் நெஞ்சுதான் இருந்தது. இதய நோயுற்றோர் இன்றும் அக்கோயிலுக்கு வந்து வேண்டிச் செல்கின்றனர்.

நாம் அங்குச் சென்றது கோயில் காண அன்று. முன்னர் நாம் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், இவ்வூரில் சிறு வீடு கட்டிக் குடியேறியிருந்தார். வயிற்றில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனிக் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் நம்மைக் காண விரும்புவதாகச் சேதி வந்தது. அவ்வூர்ப் பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டுச் சென்றோம்.

வேப்பமரத்து நிழல் விழும் திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பேச்சு மெலிந்திருந்தது, தெளிவு மெலியவில்லை. "சாமி, எனக்கு இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம். நான் கட்டின வீடு இது. இங்கே படுத்தால் வண்டிச் சத்தம் கேட்கிறது. இங்கேயே போய்விடுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

பிள்ளைகள் இருவர். மூத்தவருக்கு இது ஏற்கவில்லை. "பெற்ற தகப்பனைக் கவனிக்காமல் வீட்டில் போட்டுவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமே, சாமி! பணம் போனால் போகட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தால் இன்னும் பத்து நாள் இருப்பாரே!" என்றார். அவருடைய கலக்கத்தில் பொய் இல்லை. அன்பும் அச்சமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றன.

அவருக்கு மறுமொழி சொல்லுமுன் நம் மனச்சான்று நம்மையே கேள்வி கேட்டது. சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்த தாய் ஒருவரை, "மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள், உயிரைக் காக்க முயல்வது கடமை" என்று அறிவுரை கூறி அனுப்பியவர்கள் நாம். அந்த அம்மாள் வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று கண்ணீர் விட்டதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தொண்டையில் குழாயுடன், பிள்ளைகள் ஒருவரும் அருகில் இல்லாமல் அவர் இறந்தார். நாம் நற்கருணையுடன் ஓடிச் சென்றபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. அவ்வறையில் வேலை செய்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அவர்கள்மீது குறை இல்லை. நோயாளியின் விருப்பத்தைக் கேளாத நம்மீதே குறை.

உயிரைக் காப்பது கடமை என்பது உண்மை. ஆயினும் அக்கடமைக்கு எல்லை உண்டு என்பதைத் திருச்சபை தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1957ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரைகளில், தனக்கோ பிறருக்கோ தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண மருத்துவத்தை ஏற்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்றார். வேறு வழியில்லாதபோது கடும் வலியைத் தணிக்க மருந்து கொடுப்பது, அதனால் ஆயுள் சற்றுக் குறைய நேரினும், அது நோக்கமாக இராதவரை தகும் என்றும் விளக்கினார். 1980ஆம் ஆண்டு மே 5ஆம் நாளிட்ட உரோமைப் பேராயத்தின் அறிக்கை இதனையே மீண்டும் உறுதிப்படுத்தியது. கருணைக் கொலை வேறு; இயல்பாக வரும் சாவுக்கு வழிவிட்டு, வலியைத் தணித்து, அருகில் இருப்பது வேறு. முன்னது உயிரைப் பறிப்பது. பின்னது உயிருக்குத் துணை நிற்பது.

நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டைக் காண்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், குணமாகும் நம்பிக்கை அற்ற நிலையில் தமக்குச் செயற்கை உயிர்காப்புக் கருவிகள் வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023ஆம் ஆண்டு சனவரியில் அம்முறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டாலே போதும் என்றது. நச்சூசி போட்டு உயிரை முடிக்க அத்தீர்ப்பு இடந்தரவில்லை.

இவற்றையெல்லாம் மூத்த மகனுக்குச் சொன்னோம். அவர் கேட்ட ஒரே கேள்வி இது: "வீட்டில் வைத்துக்கொண்டால் வலி வந்து துடிப்பாரே, அப்போது என்ன செய்வது?" நியாயமான கேள்வி. வலியைத் தணிக்க வழியின்றி வீட்டிலேயே வைத்திருப்பது அன்பு ஆகாது.

விடை அவ்வீட்டிலேயே இருந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையை மருமகள் கடிகாரத்தைப் பார்த்து 4 மணிக்கு ஒரு முறை கொடுத்து வந்தார். வலி வந்தபின் கொடுப்பதன்று, வருமுன்னரே நேரந்தவறாமல் கொடுப்பதே முறை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே வகுத்துத் தந்தது. இம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே மலமிளக்கியும் உடன் கொடுக்கவேண்டும். நம் நாட்டிலேயே அபினிச் செடி அரசு உரிமத்துடன் பயிராகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிக்கு இம்மருந்து எட்டாமலே இருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிற்று. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவதோடு, படுத்த படுக்கையாய் இருப்போருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியரும் இத்திட்டத்தில் வீடு தேடி வருகின்றனர். அப்படி வந்த செவிலிப் பெண் ஒருவர், படுக்கைப்புண் வராமல் 2 மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, ஈரத்துணியால் உதட்டையும் நாவையும் நனைப்பது, மூச்சுத் திணறும்போது தலையை உயர்த்தி முகத்தில் மின்விசிறிக் காற்று படச்செய்வது ஆகியவற்றை மருமகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இறுதி நாள்களில் உணவு குறையும், உறக்கம் மிகும், தொண்டையில் கரகரப்பு எழும், மூச்சு நின்று நின்று வரும். இவை எதிர்பார்க்க வேண்டியவையே. அப்போது வற்புறுத்தி ஊட்டவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். விழுங்க இயலாத நிலை வந்தால் தோலுக்கடியில் நுண்ணிய ஊசி வழியே மருந்து செலுத்த மருத்துவர் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார்.

இக்கலை எங்கிருந்து வந்தது? இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார், செவிலியாய் இருந்து பின்னர் மருத்துவரானவர், 1967ஆம் ஆண்டு புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல் வலி, மனக் கவலை, குடும்பத் துயரம், ஆன்மத் தவிப்பு அனைத்தும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் கண்ட உண்மை. 2005ஆம் ஆண்டு அவரும் தாம் நிறுவிய அதே இல்லத்தில்தான் கண்மூடினார். நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பெற்றது. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய சங்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்து, கேரளம் எங்கும் வீட்டு வாசலுக்கே இச்சிகிச்சையைக் கொண்டுசென்றது. 1952ஆம் ஆண்டு அன்னை தெரசா கல்கத்தாவில் தெருவோரத்தில் சாகக் கிடந்தோருக்காகத் திறந்த இல்லத்துக்கு நிர்மல் இருதயம் என்று பெயரிட்டதும் நினைவுக்கு வருகிறது. வீடே இல்லாதவருக்கு ஓர் இதயமே வீடாயிற்று. பூசலாரின் ஊரில் நின்று நினைக்க அது பொருத்தமாகவே பட்டது.

எல்லார்க்கும் வீடே ஏற்ற இடம் என்று நாம் சொல்ல வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் உண்டு. வீட்டாருக்குப் பாரமாக இருக்க விரும்பாதவர் உண்டு. மருத்துவமனையில்தான் மனத்துக்குத் தைரியம் என்பாரும் உண்டு. புற்றுநோயாளருக்காக மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இருப்பது அதனால்தான். எங்கே என்பதை நோயாளியிடம் கேட்கவேண்டும் என்பதே நாம் சொல்வது. நம் குடும்பங்களில் மகளின் திருமணத்துக்கு எந்த மண்டபம் என்று ஆறு மாதம் பேசுகிறோம். தகப்பனின் இறுதி நாள்கள் எங்கே கழியவேண்டும் என்று ஒரு நாளும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் அவ்வூரில் கேட்டு வருந்தினோம். அதே பகுதியில் வாடகை வீட்டில் இருந்த மூதாட்டி ஒருவர் சாகுந்தறுவாயில் இருந்தபோது, "இங்கே சாவு விழுந்தால் அடுத்து யார் குடிவருவார்கள்? அதற்குமுன் வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். மூன்றாம் வீட்டில் இருந்த கைம்பெண் ஒருவர், சமயத்தால் வேறானவர், தம் முன்னறையை ஒழித்துக்கொடுத்தார். பதினொரு நாள் அம்முதியவள் அங்கே இருந்து இறந்தாள். வாடகைக்கு வீடு விட்டிருக்கும் நம் பங்கு மக்கள் இதனை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாம் முறை நாம் திருநின்றவூர் சென்றபோது பெரியவரைத் திண்ணையிலிருந்து உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். சன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார். நம் பாட்டன் காலத்தில் அவஸ்தை கொடுக்கச் சாமியாரை அழைப்பது என்றாலே வீடு நடுங்கும். சாவை அழைத்து வருவதாக எண்ணுவர். அன்று அவ்வாறில்லை. குடும்பத்தார் சூழ நிற்க, நோயில் பூசுதல் கொடுத்து, வழியுணவாக நற்கருணையின் சிறு துணுக்கை வழங்கினோம். நெடுநாள் பேசாதிருந்த தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்துவரச் சொன்னார். அவரும் அன்று மாலையே வந்தார். நன்மரணப் பாதுகாவலரான சூசையப்பரை வேண்டிக்கொண்டு திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து, நள்ளிரவில் மூத்த மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. "மூச்சு ஒருவிதமாய் வருகிறது, சாமி. 108க்குச் சொல்லட்டுமா?" குரல் நடுங்கியது. ஒரு கணம் நமக்கும் நடுக்கந்தான். "செவிலிப் பெண் சொன்னது நினைவிருக்கிறதா? அப்பா முகத்தில் வேதனை தெரிகிறதா?" என்று கேட்டோம். இல்லை என்றார். "அம்மா என்ன சொல்கிறார்கள்?" சற்று நேரம் சென்றபின் அவர் தாயின் குரல் கேட்டது: "அவர் இங்கேயே இருக்கட்டும், சாமி. நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்துச் சென்றோம். நாம் போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார். ஆவடிப் பக்கமிருந்து வண்டி ஒன்று கடந்து சென்ற வேளையில் மூச்சு அடங்கியதாம். மனைவியின் கையில் ஒரு கை, மூத்த மகன் கையில் ஒரு கை. மருத்துவம் பார்த்துவந்த மருத்துவரே வந்து இறப்புக்கான காரணச் சான்று எழுதிக்கொடுத்தார். வீட்டில் நிகழும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ளலாம். இதில் அஞ்ச ஒன்றுமில்லை.

இம்முறையும் நாம் தாமதமாகத்தான் சென்றோம். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் நின்ற அன்று உறுத்தியது போல் இன்று உறுத்தவில்லை. அருகில் இருக்கவேண்டியவர்கள் இருந்தார்கள்.

திரும்பும் முன் மூத்த மகன் நம்மோடு நிலையம் வரை நடந்து வந்தார். "ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன், சாமி. இப்போது அப்பா சொன்னதைச் செய்தோம் என்ற ஒன்றுதான் நினைவில் நிற்கிறது" என்றார்.

அன்புள்ள குடும்பத்தாரே, இவ்விதழை மடித்து வைக்குமுன் உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் நலமாய் இருக்கும்போதே, ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்க நமக்குத்தான் அஞ்சுகிறது. சொல்ல அவர் காத்திருக்கவும் கூடும்.