பெல்ட் அறுந்த காலை

அரியாங்குப்பத்துக் கீரை விவசாயி அவர். விடியும் முன்பே ஸ்கூட்டரில் கட்டுகளை ஏற்றி, கடலூர் சாலை வழியாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் நடுவழியில் ‘பட்’டென்று சத்தம். எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாடிய கீரை பாதி விலைக்குத்தான் போனது.

“இந்த ரப்பர் பெல்ட்டே வேணாம் தம்பி, செயின் மாட்டிக் கொடு” என்றார் மெக்கானிக்கிடம்.

“முடியாதுண்ணே. ஸ்கூட்டர்ல பெல்ட்தான் கியர். வேகம் கூடினா முன்பக்கப் புல்லி நெருங்கும், பின்பக்கம் விரியும். பெல்ட் அதுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். செயின் அப்படி நகராது. செயின்தான் வேணும்னா எக்ஸ்.எல். மாதிரி மொபெட் வாங்குங்க. அதுக்கும் எண்ணெய் விடணும், தொய்வு பார்க்கணும்.”

இடப்பக்க மூடியைத் திறந்தால், பெல்ட் நார்நாராகக் கிளட்சில் சுற்றிக் கிடந்தது. ரோலர்களும் ஒருபக்கம் தேய்ந்து பட்டையாகியிருந்தன. பிசிறையெல்லாம் துடைத்து, இரண்டையும் மாற்றினார்.

யோசித்துப் பார்த்தால், வண்டி ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது உதறல், பாலம் ஏறும்போது திணறல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது வண்டி வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகும் மூடியைத் திறந்து சேற்றை எடுக்கவில்லை.

இப்போது மோட்டார் கொட்டகைச் சுவரில், உரம் வைத்த தேதிக்குக் கீழே இன்னொரு கணக்கும் இருக்கிறது: பெல்ட் மாற்றிய கிலோமீட்டர், கையேட்டின்படி அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர்.