அத்தை ஆடிய கோலி ஆட்டம்!

"வளையலுக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தில் கம்ப்யூட்டரா?"

நான் போட்ட சத்தத்தில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழ ஆரம்பித்துவிட்டான்.

இது நடந்தது 2004-ஆம் வருஷம். பெங்களூர் அல்சூரில் இரண்டே அறை உள்ள வாடகை வீடு. என்னவர் பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மாதம் ஐந்நூறு வீதம் இருபது மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டு. அந்தப் பத்தாயிரத்தை அப்படியே கொடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவியோடு வந்து நின்றார் மனிதர்!

"நம்ம பெங்களூர்லயே கண்டுபிடிச்சது. சிம்ப்யூட்டர்னு பேரு. சாயங்காலம் நாலு கடைக்குக் கணக்கு எழுதிக் குடுத்தேன்னா ஒரே வருஷத்துல போட்ட காசு வந்துடும்" என்றார்.

நான் பதிலே பேசவில்லை. மூன்று நாள் வீட்டில் சமையல் மட்டும்தான் நடந்தது, பேச்சு நடக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது இன்னொரு கவலையும் இருந்தது. அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கை கொஞ்சம் அசைந்தது. ஆனால் டம்ளரைப் பிடிக்க வராது. தினமும் விடிகாலையில் வாசல் நிறையக் கோலம் போட்டவர், இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சமையலறை மூலையில் உட்கார்ந்துகொள்வார்.

"விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கொடுத்துக்கிட்டே இருங்க. சும்மா விட்டா இறுகிப் போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தோம். "ஏம்மா, பச்சைப் புள்ளைக்குக் குடுக்கற பந்தை எனக்குக் குடுக்கறியே!" என்று தூக்கி எறிந்துவிட்டார். சப்பாத்தி மாவைப் பிசையச் சொன்னேன். நாலு நாள் பிசைந்தார். ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார்.

நாலாம் நாள் ராத்திரி, கோபத்தை மறந்து நானே கேட்டேன். "அதுல அப்படி என்னதான் இருக்கு?"

அவர் உற்சாகமாகச் சொன்னதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் வேறு சில பொறியாளர்களுமாகச் சேர்ந்து 1999-ல் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். ஏழை எளியவர்களும், எழுத்து வாசனை இல்லாதவர்களும் தங்கள் பாஷையிலேயே பயன்படுத்தும்படி மலிவான கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு கிராமத்துக்கே ஒன்று போதும். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை இருந்தால், அதைச் செருகி அவரவர் கணக்கை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது 'அமிடா' என்ற ரகம். 2004 ஏப்ரலில்தான் விற்பனைக்கு வந்திருந்தது. விசைப்பலகை கிடையாது, பேனா மாதிரி ஒரு குச்சியால் திரையைத் தொட வேண்டும்.

"உள்ளே ஓடறது லினக்ஸ். அதுக்கு விலையே கிடையாது" என்றார். விலையில்லாமல் யார் கொடுப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவர் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "நீ பக்கத்து வீட்டு அக்காவுக்கு வத்தக்குழம்புப் பக்குவம் எழுதிக் குடுத்தியே, அது மாதிரிதான். யாரு வேணும்னாலும் செய்யலாம், காரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனா மாத்திச் செஞ்சதை இன்னொருத்தருக்குக் குடுத்தா, பக்குவத்தையும் மறைக்காமக் குடுக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை." பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் ஆரம்பித்து வைத்ததாம். அதன் பிறகு உலகமெல்லாம் முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு கை சேர்த்திருக்கிறார்கள். கேட்டபோது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

பேச்சுவாக்கில் ஒரு விளையாட்டைத் திறந்து காட்டினார். திரையில் ஒரு கோலிக்குண்டு. கருவியைச் சாய்த்த பக்கமெல்லாம் அது உருண்டு ஓடுகிறது! இன்று குழந்தைகூட போனைச் சாய்த்து விளையாடுகிறது. அன்று எங்களுக்கு அது மந்திர வித்தை.

மூலையிலிருந்து ஒரு குரல். "குடு, பார்க்கலாம்."

அத்தை! சின்ன வயதில் அண்ணன்மார்களோடு தெருவில் கோலி ஆடி, "பொட்டைப் புள்ளைக்கு என்ன கோலி?" என்று பாட்டியிடம் அடி வாங்கியவராம். அன்றைக்குத்தான் சொன்னார்.

இரண்டு கையாலும் பிடிக்க வைத்தோம். வலது கை துவண்டது. குண்டு ஒரு பக்கமாகவே ஓடி ஓடி நின்றது. "அட சனியனே, இந்தப் பக்கம் வா!" என்று அதனோடு சண்டை போட்டார். கால் மணி நேரம் போனது தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அதன் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். முழங்கைக்கு அடியில் தலையணை. கை நடுங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுவது. கண்ணுக்கு அலுப்பு வராமல் நடுவில் ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்வேன். என்னவர் கடைக் கணக்கு எழுத உட்கார்ந்தால், "என் முறை முடியலைடா" என்று விரட்டுவார் அத்தை!

விளையாட்டால் கை குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையும், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண்ணின் பொறுமையும்தான் முக்கியம். ஆனால் பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கோலிக்குப் பிறகு தானாகவே கையை நீட்டினார். தீபாவளிக்குள் அரை டம்ளர் காபியைச் சிந்தாமல் பிடித்தார்.

அந்தக் கருவியில் கிறுக்குவதற்கும் ஓர் இடம் உண்டு. குச்சியால் எழுதியதை நம் கையெழுத்திலேயே ஈ-மெயிலில் அனுப்பலாம். என் நாத்தனார் அப்போது மஸ்கட்டில் இருந்தார். அம்மாவுக்குக் கை விழுந்த செய்தி கேட்டும் வர முடியாமல் போனில் அழுதுகொண்டே இருப்பார். கார்த்திகை மாதம் ஒரு நாள் அத்தை குச்சியைக் கேட்டு வாங்கினார். அரை மணி நேரம் ஆனது. 'நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. அம்மா.' கோணல் மாணலாக அவ்வளவுதான். கீழே ஐந்து புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம். டெலிபோன் வழியாக அதை என்னவர் அனுப்பினார். மறுநாள் போன் வந்தது. "அண்ணி, இது நிஜமாவே அம்மா எழுதினதா?" என்று கேட்டவருக்கு மேலே பேச வரவில்லை. எனக்கும்தான்.

அன்று ராத்திரி என்னவரிடம், "வளையல் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

சிம்ப்யூட்டர் நினைத்தபடி விற்கவில்லை. முதல் வருஷத்தில் 50,000 போகும் என்று எதிர்பார்த்து, சுமார் 4,000-தான் போனதாகப் பத்திரிகையில் வந்தது. செல்போன் மலிவாகி வீட்டுக்கு வீடு வந்ததும் எல்லோரும் அதை மறந்தே போனார்கள். வாசல் நிறைய மாவுக் கோலம் போட அத்தைக்குக் கடைசி வரை கை வரவில்லை. 2011-ல் போய்ச் சேர்ந்தார்.

தூளியில் அழுத பிள்ளை இன்று வேலைக்குப் போகிறான். "அம்மா, உன் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் லினக்ஸ்தான். ஸ்டீம் டெக்னு கையில வெச்சு விளையாடற மிஷின்லகூட அதுதான்" என்கிறான். அந்தக் குழம்புப் பக்குவம் அத்தனை வீட்டுக்கும் போய்விட்டது!

சகோதரிகளே, விளையாட்டு என்றாலே பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்குகிறோம். நேர அளவு வேண்டியதுதான். நானும் அதில் கண்டிப்பானவள். ஆனால் வீட்டில் மூலையில் ஒடுங்கிப்போன பெரியவர் யாராவது இருந்தால், பேரன் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடச் சொல்லிப் பாருங்கள். தோற்றால் கேலி செய்யாதீர்கள். 'குடு, பார்க்கலாம்' என்று அவர்கள் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

வளையல் பின்னால் வந்தது; அது பாங்க் லாக்கரில் இருக்கிறது. உயிரில்லாத அந்தச் சின்னக் கருவி மட்டும் என் கல்யாணப் புடவை மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது.