குஸ்திக்கும் ஒரு கட்டியங்காரன் வேண்டும்

டிவியில் குஸ்தி பார்ப்பேன் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடுத்து அந்தக் கேள்வி வரும்: "அதெல்லாம் பொய்ச்சண்டைதானே சார்?" முப்பது வருடமாக இதற்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

பொய்ச்சண்டைதான். சம்பந்தப்பட்டவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் அது. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில், அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெயரில் இருந்த கம்பெனி, தாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று தெரிவித்தது. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் லைசென்ஸ், கட்டுப்பாடு, வரி எல்லாம் வரும். கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இது மிகவும் பிடித்த சங்கதி. ரசிகனிடம் பல வருடம் மூடி மறைத்த உண்மையை, வரி என்றதும் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டார்கள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் இந்தக் குழப்பமே கிடையாது. உண்மையான மல்யுத்தத்துக்கு 'லுத்' என்று பெயர். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இந்த வகைக்கு 'காட்ச்' என்று பெயர். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957-இல் வெளியிட்ட 'மித்தோலொஜி' நூலில் முதல் கட்டுரையே இந்தக் காட்ச் பற்றியதுதான். அதை அவர் விளையாட்டோடு சேர்க்கவில்லை, நாடகத்தோடு சேர்த்தார். நமக்கோ இரண்டும் குஸ்திதான். அதனால்தான் ஒன்றில் எதிர்பார்ப்பதை மற்றதில் தேடி ஏமாந்து போகிறோம்.

ஆனால் முடிவு தெரிந்த சண்டையை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? கொல்லிமலைக்குக் கீழே நாமக்கல், சேலம் பக்கத்துக் கூத்தில் பாரதம் நடக்கும்போது துரியோதனன் விழப்போகிறான் என்பது மடியில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். படுகளத்தில் கிடப்பது மண்ணால் செய்த உருவம். ஆனாலும் பாஞ்சாலி கூந்தல் முடிக்கும்போது பெண்கள் அழுகிறார்கள், சிலருக்கு அருள் வருகிறது. எங்கள் மலை மேலும் அப்படித்தான். ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. யாரும் அதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பதில்லை.

ஆக, நடந்தது மெய்யா பொய்யா என்பதை விட்டுவிடலாம். நன்றாகச் சொன்னார்களா என்று கேட்கலாம். அதில்தான் எனக்கு அபிப்பிராயங்கள் நிறைய உண்டு.

நம் தலைமுறைக்கு முதல் பெயர் தாரா சிங். யாராவது சட்டைக் கையை மடித்தால் "பெரிய தாராசிங்னு நெனப்பா?" என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருந்ததா? அவருக்கு அந்தப் புகழ் கிடைத்ததில் பாதிப் பங்கு கிங்காங்குடையது. ஹங்கேரிக்காரர், உண்மைப் பெயர் எமில் சாயா. மலை போன்ற உடம்பு. அந்த உடம்பு எதிரே நின்றதால்தான் தாரா சிங் வீரனாகத் தெரிந்தார். நம்பியார் இல்லாமல் எம்.ஜி.ஆர். படம் பார்த்த மாதிரி ஆகியிருக்கும் இல்லையென்றால். நம்பியாரோ நிஜத்தில் பெரிய ஐயப்ப பக்தர். வில்லனாக நிற்பவன் தன்னை வெறுக்க வைத்து அடுத்தவனைப் பெரியவனாக்குகிறான். குஸ்தியிலும் அதற்குத்தான் திறமை அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. தாரா சிங் அறுபதை நெருங்கும் வயதில் ராமானந்த் சாகரின் ராமாயணத்தில் அனுமனாக வந்தார். குஸ்தி மேடையில் சேர்த்த நம்பிக்கைதான் அங்கேயும் அவருக்குக் கை கொடுத்தது.

அடுத்து ஆந்த்ரே. பிரெஞ்சுக்காரர், ராட்சத உடம்பு. அந்த உடம்பே ஒரு நோயால் வந்தது. 1987 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில், ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டுத் தோற்கடித்தார். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் ஆந்த்ரே முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உடைக்குள் முதுகுக்கு ஆதாரமாகப் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். தோற்பது என்று முடிவானது. ஆனால் அந்த முதுகோடு தூக்கிப் போடச் சம்மதித்தாரே, அதில் பொய் எங்கே இருக்கிறது? 1993-இல் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 46.

நம் நாட்டு காளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இமாச்சலப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து போன தலீப் சிங் ராணா. 2006-இல் வந்த முதல் நாளே அண்டர்டேக்கரைச் சாய்த்தார். 2007-இல் பட்டமும் கிடைத்தது. அப்புறம் அவரை எப்படி வைத்துக்கொள்வது என்று கதை எழுதுபவர்களுக்குத் தெரியவில்லை. பயமுறுத்த வந்தவரைக் கோமாளி ஆக்கினார்கள். அவர் வேகமாக நகரமாட்டார் என்பது உண்மைதான். ஆந்த்ரேவும் கடைசிக் காலத்தில் நகரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு கதை இருந்தது.

இனி வர்ணனை. கூத்தில் ராஜா வருவதற்கு முன் கட்டியங்காரன் வருகிறான். யார் வருகிறார், ஏன் கோபமாக வருகிறார் என்று சபைக்குச் சொல்கிறான், நடுவே கேலியும் செய்கிறான். குஸ்தி வர்ணனையாளர் வேலையும் அதுவே. எண்பதுகளில் கொரில்லா மன்சூன், ஜெஸ்ஸி வெஞ்சுரா என்று ஒரு ஜோடி. இருவரும் பழைய குஸ்திக்காரர்கள். மன்சூன் நியாயத்தைப் பேசுவார். வெஞ்சுரா வில்லன் செய்த அக்கிரமத்துக்கெல்லாம் வக்கீல் மாதிரி காரணம் கண்டுபிடிப்பார். வெஞ்சுரா பிற்பாடு மினசோட்டா மாநில ஆளுநராகத் தேர்தலில் ஜெயித்தார். அந்தப் பயிற்சி வீண் போகவில்லை போலிருக்கிறது!

என் கணக்கில் எல்லோருக்கும் மேலே ஜிம் ராஸ். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில், பதினாறு அடி உயரக் கம்பிக்கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கீழே தள்ளினார். வர்ணனையாளர்களுக்குப் போட்டிருந்த மேசை மேல் விழுந்தார் ஃபோலி. தூக்கிக்கொண்டு போனவர்களை விலக்கிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏறினார். இந்த முறை கூண்டின் கூரையே பெயர்ந்து உள்ளே விழுந்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ராஸ் கத்தியது எழுதிக் கொடுத்த வசனம் அல்ல. பயந்துபோன ஒரு மனிதனின் குரல்.

அடுத்த வருடம் மே மாதம் கான்சாஸ் நகரத்தில், ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டிய காட்சியில் பிடி விட்டு விழுந்தார். வயது 34. டிவியில் விழுந்ததைக் காட்டவில்லை. ராஸ் பார்வையாளர்களிடம் இது கதையின் பகுதி அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அவர் இறந்துவிட்டார் என்பதையும் அவரே அறிவிக்க வேண்டியிருந்தது. அரங்கில் இருந்த கூட்டத்துக்குச் சொல்லாமலே மீதி ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. வருடக் கணக்கில் பொய்யை மெய் போலச் சொல்வது ராஸின் தொழில். அன்றைக்கு அவர் மெய்யைச் சொன்னபோது ஜனங்கள் நம்பினார்கள் என்றால், அதற்கு முன் அவர் குரலை அற்பத்துக்கெல்லாம் விரயம் செய்யாததுதான் காரணம்.

இன்றைய வர்ணனையில் எனக்குள்ள குறை இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே கூச்சல். சாதாரண அடிக்கும் சரித்திரம் காணாத அடி என்கிறார்கள். நடுநடுவே விளம்பரம். சில வருடங்களாகத் தமிழிலும் வர்ணனை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சினிமா வசனத்தை விட்டுவிட்டு, நம் கட்டியங்காரனிடம் நாலு பாடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அவனுக்குக் கேலி செய்யவும் தெரியும், ராஜா அழும்போது ஒதுங்கி நிற்கவும் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் மிளகுக்கொடி வேலை முடிந்து சில நாள் என் வீட்டுக்கு டிவி பார்க்க வருவார். "சத்தத்தக் கொறைங்க சார், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்பார். ஒரு நாள் திரையில் விழுந்து கிடந்தவனைச் சுட்டி, "இவன் நடிக்கல, தோளப் பிடிச்சிருக்கான் பாருங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் உள்ளே வந்தார். மரம் ஏறி விழுந்தவர்களைப் பார்த்துப் பழகிய கண் அது.

அந்த மேடை பஞ்சு மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய திண்டு. யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைக்கலாம், விழுகிற உடம்போடு அப்படிப் பேசி வைக்க முடியாது. பேரப்பிள்ளைகள் குஸ்தி பார்த்தால் "பொய்" என்று சொல்லி டிவியை அணைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆந்த்ரே கதையையும் ஓவன் ஹார்ட் கதையையும் சொல்லுங்கள். வீட்டில் யாரும் கட்டில் மேலிருந்து குதிக்க மாட்டார்கள்.

தாரா சிங், கிங்காங் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருந்தால் எழுதுங்கள். டிக்கெட் விலை முதற்கொண்டு தெரிந்துகொள்ள ஆசை.