டூரோ நதியில் இலவச வைன்

சொகுசுக் கப்பல்களின் விளம்பரங்களில் ஒரு வரியை அடிக்கடி காணலாம்: மதியச் சாப்பாட்டுடனும் இராச் சாப்பாட்டுடனும் வைன் இலவசம். இலவசம் என்று யாராவது சொன்னால், அதற்கு யார் பணம் கட்டினார்கள் என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் எமது பெண்களுக்கு உண்டு. இங்கேயும் அந்தக் கணக்குச் சரிதான். வைனின் விலை கப்பல் சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குடிப்பவரும் குடிக்காதவரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள்.

2018 செப்டெம்பரில் போர்த்துக்கல் நாட்டின் டூரோ நதியில் ஒரு வாரம் பிரயாணம் செய்யக் கிடைத்தது. லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகள்தான் பணம் கட்டிக் கூட்டிச் சென்றாள். போர்த்தோ நகரிலிருந்து ஸ்பானிய எல்லை வரை சுமார் 200 கிலோமீற்றர். வழியில் ஐந்து அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கப்பலை ஒரு பெரிய கொங்கிறீற் தொட்டிக்குள் விட்டு, கதவை அடைத்து, நீரை நிரப்பி மேலே உயர்த்துகிறார்கள். கராப்பட்டெலோ என்ற இடத்தில் அப்படி 35 மீற்றர் ஏறினோம். ஒரு தென்னைமரத்தைவிட உயரம்.

குடியால் சீரழிந்த வீடுகளைக் கண்ட எமக்கு வைனைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நானும் ஒரு வாய்க்கு மேல் குடிப்பவள் அல்ல. ஆனால் அந்த மலைகளில் நெல்லும் இல்லை, பனையும் இல்லை. கொஞ்சம் ஒலிவும் வாதுமையும் உண்டு. மற்றப்படி திராட்சைதான் அந்த மக்களின் சோறு.

கப்பலில் ஊற்றிய இலவச வைன் எப்படிப்பட்டது? அது புதிய வைன், விலை குறைந்த வகை. ஆனாலும் மோசம் என்று சொல்லமாட்டேன். கரையிலிருந்தே வாங்குவதால் அது அதிக தூரம் அலைவதில்லை. வெள்ளை வைன் குளிர்ச்சியாக, தேசிக்காய்ப் புளிப்போடு மீனுக்கு நன்றாக இருந்தது. சிவப்பு வைன்தான் ஒரு நாள் நல்லது, மறுநாள் சுமார். மதியம் திறந்த போத்தலை இரவும் ஊற்றினால் சுவை கெடும். காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் புளித்துவிடுவதை அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெயிலும் ஒரு காரணம். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று தங்கள் ஊரைப் பற்றி அங்குள்ளவர்களே சொல்வார்கள். சூடேறிய சிவப்பு வைனில் சாராய நெடிதான் முன்னுக்கு வரும். நல்ல போத்தல்கள் தனிப் பட்டியலில் இருந்தன. அவற்றுக்குத் தனிக் காசு.

பரிமாறும் பிள்ளைகள் தங்களுக்குள் கதைக்கும்போது சில சொற்கள் என் காதில் தட்டின. மேசை, கதிரை, யன்னல், அலுமாரி எல்லாம் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்களின் மொழியிலிருந்து எம்மிடம் வந்து தங்கிவிட்ட சொற்கள். தவறணையும் அப்படித்தான். ஊரை விட்டுப் போனார்கள், சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள்.

பின்யாவோ என்ற சிறு துறையில் இறங்கி மலைக்கு ஏறினோம். மலை முழுவதும் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சாந்து இல்லாமல் கல் அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நெடுந்தீவின் கல்வேலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மலைத்தொடர் முழுக்கப் பரப்பினால் எப்படி இருக்கும்? மண் என்று சொல்ல அதிகமில்லை. தகடு தகடாக உடையும் பாறை. அதன் வெடிப்புகளுக்குள் வேர் இறங்கி நீரைத் தேடுகிறது. இந்தப் பிரதேசத்துக்கு 1756இல் அரசு எல்லை வகுத்தது. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

அறுவடைக் காலம் அது. சரிவு அதிகமான இடங்களில் இயந்திரம் ஏறாது. கையால்தான் கொய்ய வேண்டும். பெண்கள் குனிந்தபடி கத்தரியால் குலைகளை வெட்ட, ஆண்கள் கூடைகளைச் சுமப்பது பழைய வழக்கம். இருவருக்கும் முறியும் முதுகுதான். ஆனால் அந்தக் காலத்தில் பெண்ணின் கூலி குறைவு. நாங்கள் கண்ட தோட்டத்திலும் வெட்டியவர்களில் பெரும்பாலானோர் வயதான பெண்கள். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள்.

அவள்தான் அந்தோனியா அடெலெயிட் ஃபெரெய்ராவின் கதையையும் சொன்னாள். 1811இல் ரெகுவாவுக்கு அருகே பிறந்தவர். 1844இல் கணவர் இறந்தபோது வயது 33, இரண்டு பிள்ளைகள். தோட்டங்களையும் வியாபாரத்தையும் தானே கையில் எடுத்தார். சல்தான்யா என்ற செல்வாக்கு மிக்க பிரபு, பதினொரு வயதான மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். தாய் மறுத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வந்ததும், மகளுடன் ஸ்பெயினுக்குத் தப்பி, அங்கிருந்து லண்டன் போனார். பிள்ளையைக் காப்பாற்ற இரவோடிரவாக எல்லை தாண்டுவது என்றால் என்ன என்று எமது வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

1861இல் வலேய்ரா நீர்ச்சுழியில் அவர் வந்த படகு கவிழ்ந்தது. கூட வந்த ஃபொரெஸ்டர் என்ற ஆங்கில வைன் வணிகர் மூழ்கிப்போனார். அந்தோனியா பிழைத்தார். அகன்ற பாவாடை காற்றை அடக்கி அவரை மிதக்க வைத்தது என்றும், ஃபொரெஸ்டரைப் பொற்காசு நிறைந்த இடுப்புப்பட்டி இழுத்துக்கொண்டு போனது என்றும் கதை. இப்போது அந்த இடத்தில் அணை நிற்கிறது. நீர் குளம்போல் கிடக்கிறது. நாங்கள் அதைக் கடந்தபோது கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

திராட்சை வேர்களைத் தின்னும் பூச்சி அந்தப் பள்ளத்தாக்கை அழித்த காலத்திலும் அவர் நிலத்தை விட்டு ஓடவில்லை. பரிகாரம் அறிய இங்கிலாந்து போய்வந்தார். விலை விழுந்தபோது சிறு விவசாயிகளின் வைனை வாங்கினார். மருத்துவமனைகளுக்கும் பணம் கொடுத்தார். 1896இல் இறக்கும்போது இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அவர் பெயரில் இருந்தன. அவருக்குப் பிறப்பிலேயே நிலமும் செல்வமும் இருந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. அதே மலையில் கணவனை இழந்த ஒரு கூலிப் பெண்ணின் பெயரை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

கடைசி இரவு தங்கையின் மகள் எனக்கு ஒரு சிறு கிளாஸ் போர்ட் வாங்கித் தந்தாள். திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தைக் கலந்து நொதிப்பை நிறுத்துவார்கள். அதனால் இனிப்பும் தங்கும், வெறியும் கூடும்: ஏறக்குறைய 20 வீதம். சாதாரண வைனில் 13, 14தான். பல வருடம் பீப்பாயில் கிடந்து மண்ணிறமாகியிருந்தது. பனங்கட்டியும் வறுத்த முந்திரியும் கலந்த வாசம். போத்தலில் ஃபெரெய்ரா என்ற பெயர் இருந்தது. 1987இலிருந்து அந்தப் பெயர் சோக்ராப் என்ற கம்பனிக்குச் சொந்தம். எங்கள் கப்பலில் அது இலவசப் பட்டியலில் இல்லை.